தலைக்கு மேல் ஆழம்

என் மனைவிக்கு வைத்தியம் பார்க்க ஆள் தேடிப் போன நான், வைத்தியம் படிக்கிற ஆளாகத் திரும்பி வந்தேன். இதில் என் தவறு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆழ்மன மருத்துவக் கழகத்தின் பெயர்ப்பலகையில், பயம், படபடப்பு, தூக்கமின்மை அனைத்துக்கும் மனமயக்க முறையில் தீர்வு என்று ஆளுயர எழுத்தில் போட்டிருந்தது. கழகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்தது. படியேறிப் போய், எனக்கு ஒரு தீர்வு வேண்டும் என்று கேட்டேன்.

பதிவாளர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். நோயாளிகளைப் பார்ப்பது மற்றவர்கள் வேலை, அந்த மற்றவர்களை உருவாக்குவதுதான் கழகத்தின் வேலை என்றார். அப்படி உருவான ஒருவரின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு கூடத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். தன்னிடம் படித்த ஒரு பெண்மணியிடம் என்னை அனுப்பினார். அந்தப் பெண்மணியும் வகுப்புதான் நடத்திக்கொண்டிருந்தார். ஊரில் இத்தனை மனமயக்க வைத்தியர்கள் இருந்தும், மயக்குகிற வேலையில் ஒருவரும் நேரத்தை வீணடிக்கவில்லை. சுற்றிவிட்டு மறுபடியும் பதிவாளர் முன்னால் வந்து நின்றேன்.

“அவசரம்னா நீங்களே படிச்சிடறதுதான் சார் சீக்கிரம்,” என்றார். வேடிக்கைக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை. சேர்ந்துவிட்டேன்.

அவசரம்தான். எங்கள் வீடு எட்டாவது மாடியில் இருக்கிறது. போன வருடம் ஒரு மதியம், என் மனைவி ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றுபோனது. விளக்கும் அணைந்துவிட்டது. காவலாளி சாப்பிடப் போன இடத்தில் கண்ணயர்ந்துவிட்டார். இருட்டிய பிறகுதான் ஏழாவது மாடியில் கதவைப் பெயர்த்து அவளை வெளியே எடுத்தார்கள். மிச்சம் இருந்த ஒரு மாடியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தவழாத குறையாக ஏறி வந்தாள். அன்றிலிருந்து லிஃப்ட் கதவைப் பார்த்தாலே அவளுக்குக் கை கால் உதறும். படி வழியாக இறங்கலாம் என்றால் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்வந்தார்கள். நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போகிற நாள் வரும்போது வரட்டும், இப்போதே எதற்கு ஒத்திகை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இதற்கிடையில் எங்கள் ஒரே மகள் பிள்ளை உண்டாகியிருந்தாள். அவள் வீடு ஊரின் மறுகோடியில். முதலில் அவளே வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். பிறகு, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் அங்கே கட்டிலில், இவள் இங்கே எட்டாவது மாடியில். நான் நடுவில் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்கு முன்னால் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று மகள் தினமும் போனில் அழுவாள். வருகிறேன் என்று இவள் தினமும் சொல்லுவாள். போனை வைத்த பிறகு இவள் அழுவாள். எனக்கு வேண்டியதெல்லாம், பிள்ளை பிறப்பதற்குள் இவளை எப்படியாவது கீழே இறக்குவது.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பேன். தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். இந்த ஒரு பழக்கத்தால் கழகத்தில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பயிற்சியின் முதல் பாடம் குரல். சாவி தீர்ந்துகொண்டிருக்கும் பொம்மை மாதிரி இழுத்து இழுத்துப் பேச வேண்டும். உடல் தளர்கிறது, இமை கனக்கிறது என்று வகுப்பே கூட்டாக இழுக்கும். இரண்டாவது பாடம் சொல். ஆழ்மனத்துக்கு ‘இல்லை’ என்ற சொல் புரியாது என்பது கழகத் தலைவரின் கண்டுபிடிப்பு. ஆகவே கழகத்துக்குள் அந்தச் சொல்லுக்குத் தடை. குழாயில் தண்ணீர் வராத நாட்களில், தண்ணீர் வேறு இடத்தில் நலமாக இருக்கிறது என்று கழிப்பறைக் கதவில் எழுதி ஒட்டுவார்கள். தலைவர் இருக்கிறாரா என்று யாரோ கேட்டதற்கு, இருக்கிறார், இங்கே இருப்பதை மட்டும் தவிர்த்திருக்கிறார் என்று பதிவாளர் பதில் சொன்னதை நானே என் காதால் கேட்டேன்.

மூன்றாவதுதான் முக்கியமான பாடம். மாணவர்கள் ஒருவரை ஒருவர் மயக்கிப் பழக வேண்டும். பதிவாளர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்துவந்து, யார் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே அறிவிப்பார். ஆழத்தைக் குளத்துத் தண்ணீர் கணக்கில் சொல்வது கழகத்தின் வழக்கம். கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம், இடுப்பாழம், கழுத்தாழம் என்று போகும். கடைசிப் படி, தலைக்கு மேல். அதை இதுவரை யாரும் தொட்டதில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

என் பக்கத்து நாற்காலிக்காரர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் இரண்டு வாக்கியம் இழுப்பதற்குள் அவருக்குக் குறட்டை வந்துவிடும். அதனால் அவர் பெயரே குறட்டையார் என்று ஆகிவிட்டது. என் குரலில் ஏதோ இருக்கிறது என்று நானும் உள்ளூரக் கொஞ்சம் பூரித்துப்போயிருந்தேன். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது அவரே அந்தப் பூரிப்பைப் போக்கிவிட்டார்.

“தூக்கமாவது ஒண்ணாவது சார். வரலைன்னு சொன்னா மறுபடி முதல்லேர்ந்து உக்கார வைக்கறாங்க. ஒரு குறட்டை விட்டா இடுப்பாழம் போட்டு விட்டுடறாங்க. எனக்கு முதுகு வலி சார், ரொம்ப நேரம் உக்கார முடியாது.”

மற்றவர்களும் அப்படித்தானா என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தொழிலில் எத்தனை பேர் தூங்குகிற மாதிரி படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றார். இதை நம்பித்தானே என் மகளிடம், அம்மா வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் தலைவரே வகுப்புக்கு வந்தார். வெள்ளை உடை, மெல்லிய நடை. பேசும்போது தன் குரலைத் தானே கண்ணை மூடி ரசித்துக்கொள்வார். என்னை முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்து, வெகு நேரம் இழுத்தார். எனக்குப் பசிதான் வந்தது. இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நான் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

குறட்டையார் என்னைப் பார்த்த பார்வையில், கெடுத்தாயே என்று எழுதியிருந்தது. தலைவர் மட்டும் அசையவில்லை. மறுபடி கேட்டார். நன்றாக முழித்திருக்கிறேன், கீழே மெத்தைக் கடையில் பேரம் பேசுவது கூடக் கேட்கிறது என்றேன். தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்து நின்றுகொண்டு வகுப்பைப் பார்த்துப் பேசினார்.

“கழுத்தாழத்துல நிக்கறவனுக்கு, தண்ணியில நிக்கறோம்னு தெரியும். தலைக்கு மேல போனவனுக்குத் தண்ணியே தெரியாது. முழிச்சிருக்கேன்னுதான் சொல்லுவான். இந்தத் துறையில எனக்கு இவ்வளவு பேர் எப்படி வந்தது? என்னால மயக்க முடியாத ஒரு ஆளை இன்னிக்கு வரைக்கும் நான் ஒத்துக்கிட்டதே கிடையாது. அதுதான் காரணம்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் கழகத்தின் பெருமை ஆகிவிட்டேன். விருந்தினர் யாராவது வந்தால் என்னைக் கூப்பிட்டு, முழித்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். விருந்தினர் மெய்சிலிர்ப்பார்.

சரி, மயக்கம் என்றே வைத்துக்கொள்வோம், எழுப்பியாவது விடுங்கள் என்று பதிவாளரிடம் கேட்டேன். எழுப்பச் சொல்லி நான் கேட்பதே மயக்கத்தில் கேட்பது, அதை மனுவாக எடுத்துக்கொள்ள விதி இடம் தராது என்றார். பெரிய மனது பண்ணி என் முதலாளிக்கும் போன் செய்து, இவர் ஆழத்தில் இருக்கிறார், இவர் சொல்கிற பார்வை அளவுகளை நம்ப வேண்டாம் என்று எச்சரித்துவிட்டார். முதலாளி என்னைக் கண்ணாடிக் கூடுகளைத் துடைக்கிற வேலைக்கு மாற்றினார். மயக்கம் தெளிந்ததும் பழைய வேலையைத் தருவதாக ஆறுதல் சொன்னார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஆனால் எரிச்சலாக இருக்கிறது என்று சொன்னாலும் அதற்கும் கைதட்டுவார்கள் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கழகங்களின் ஆண்டு மாநாடு வந்தது. எதிர்க் கழகத்தார், பல்லியைக் கண்டு பயந்துகொண்டிருந்த ஒருவரைக் குணப்படுத்தி மேடை ஏற்றப்போகிறார்கள் என்று சேதி கிடைத்தது. தலைவர் கலங்கிப்போனார். நாமும் ஒரு குணமான ஆளைக் காட்ட வேண்டும் என்று கூட்டம் போட்டார். யோசித்துப் பார்த்ததில், கழகம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நோயாளி கூட உள்ளே வந்ததில்லை என்று தெரிந்தது. வந்த ஒருவனையும் மாணவனாகச் சேர்த்துவிட்டார்கள்.

என் மனைவி இருக்கிறாள் என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். இது மயக்கத்தில் சொன்னது ஆயிற்றே, செல்லுமா என்று பதிவாளர் கவலைப்பட்டார். இந்த ஒரு வாக்கியம் செல்லும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். மாநாடு மறுநாள் என்பதால், அதையே என் செய்முறைத் தேர்வாக வைத்துக்கொண்டு உடனே கிளம்பினார்கள்.

தலைவரும் பதிவாளரும், படம் பிடிப்பதற்காகக் குறட்டையாரும் வந்தார்கள். மூவரும் லிஃப்டில் சொகுசாக ஏறி வந்து இறங்கினார்கள். என் மனைவி மகளுக்காகக் குழைய வேகவைத்த பருப்பை அடுப்பில் வைத்திருந்தாள். வலி விட்டு விட்டு வருகிறது என்று மகள் காலையில்தான் போன் செய்திருந்தாள். அந்தக் கலக்கத்திலும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்து, கற்றுக்கொண்டபடி இழுக்க ஆரம்பித்தேன்.

“ஏன் இப்படிப் பேசறீங்க, பல் வலியா?” என்றாள்.

தலைவர் என்னைக் கண்ணால் விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார். அவள் பொறுமையாகக் கண்ணை மூடிக்கொண்டாள். பலித்துவிட வேண்டுமே என்று அவள் விரல்கள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். தலைவர் இழுத்து முடித்ததும், எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் கண்ணைத் திறந்து, முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

தலைவரும் பதிவாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைக்கு மேல் என்று பதிவாளர் அறிவித்தார். லிஃப்டைப் பற்றிப் பயம் இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். இருக்கிறது என்றாள். பயத்தைப் பற்றி எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார் பாருங்கள், குணமாகிவிட்டது என்று தலைவர் குறட்டையாரின் கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

அவள் பாவம், ஒரு நிமிடம் நம்பிவிட்டாள். எழுந்து, செருப்பு கூடப் போடாமல் லிஃப்ட் வரைக்கும் போனாள். கதவு திறந்தது. ஒரு காலைத் தூக்கினாள். அவ்வளவுதான். முகம் வெளுத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். என்னால முடியலங்க என்று என்னைப் பார்த்து அழுதாள். வீட்டுக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. மகளாகத்தான் இருக்கும். எடுக்க எனக்குத் தெம்பு வரவில்லை.

பயம் போய்விட்டது, அந்தச் சேதி உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்றார் தலைவர். முடியவில்லை என்கிறாளே என்றேன்.

“நோயாளி சொல்றதையெல்லாம் கேட்டுட்டு வைத்தியம் பண்ண ஆரம்பிச்சா, அப்புறம் வைத்தியம் எதுக்கு சார்?” என்றார் என்னிடம், மிகவும் அன்பாக.

அதற்குள் பதிவாளருக்கு ஒரு விதி ஞாபகம் வந்துவிட்டது. தலைக்கு மேல் ஆழத்தில் இருக்கிற இரண்டு பேரை ஒரே வீட்டில் விட்டுவைக்கக் கூடாதாம். முழித்திருக்கிற ஆள் ஒருவராவது வேண்டுமாம். அவர் நேராகச் சமையலறைக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த பருப்பின் கீழே அடுப்பை அணைத்தார். மயங்கியவர்கள் நெருப்பைத் தொடக் கூடாது என்று, அடுப்பைத் திருகுகிற குமிழைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரில் ஒருவரைக் கழகத்தில் தங்கவைத்துவிடலாம், இறங்கத் தோதாக இருப்பவர் இவர்தான் என்று தலைவர் என் முழங்கையைப் பிடித்தார். மாநாட்டில் பல்லிக்காரருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்பதும் அவருக்கு அப்போதே தோன்றிவிட்டது. மகளுக்கு யார் சாப்பாடு கொண்டுபோவார் என்று கேட்டேன். பசியைத் தள்ளிப்போட மகளுக்கும் ஒரு சிறு பயிற்சி கொடுத்துவிடலாம் என்றார்.

அவர் இழுத்த இழுப்புக்கு நானும் லிஃப்டுக்குள் போனேன். பதிவாளரும் குறட்டையாரும் கூடவே ஏறிக்கொண்டார்கள். இத்தனை நாள் கைதட்டல் வாங்கியதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தது என்று நினைக்கிறேன். கதவு மூடுகிற நேரத்தில் ஒரு கை உள்ளே பாய்ந்து என் சட்டைக் காலரைப் பிடித்தது. கையைத் தொடர்ந்து என் மனைவி வந்தாள். அவள் பின்னால் கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது.

“ஏங்க, பெரிய மனுஷரே, முழிச்சிருக்கேன்னு சொன்னா மயங்கிட்டேங்கறீங்க. பயமா இருக்குன்னா போயிடுச்சுங்கறீங்க. வலியில கிடக்கற எம் பொண்ணுக்குப் பசிக்காதுங்கறீங்க. இந்த டப்பாக்குள்ள அன்னிக்கு எவ்வளவு நேரம் கத்தினேன், யாரை நெனச்சு கத்தினேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒருத்தராவது கேட்டீங்களா? இதோ நிக்கறாரே, இவரு கேட்டாரா?”

நான் கேட்டதில்லை. கேட்டால் அவளுக்கு வலிக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, வைத்தியம் படிக்கப் போய்விட்டேன். தலைவர் லிஃப்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றார். பதிவாளர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒவ்வொரு மாடியாக அவள் ஒரு பிடி பிடித்துக்கொண்டே வந்தாள். அடுப்புக் குமிழைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் தரைத்தளம் வந்து கதவு திறந்துவிட்டது.

வெளியே தெரு. வெயில். ஒரு சைக்கிள் போனது. அவள் பேச்சு பாதியில் நின்றது. வெளியே வந்து, திரும்பி லிஃப்டைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. கால்கள் வெடவெடக்க, காவலாளியின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, வெறும் பாதங்களை மண்ணில் அழுத்திப் பார்த்தாள். நான் தேம்பி அழுதேன். குறட்டையாரும் கேமராவைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

தலைவர் அதற்குள் தேறிவிட்டார். கேமராவை எடுக்கச் சொல்லி, சட்டையை நீவி விட்டுக்கொண்டு பேசினார். நோயாளிக்கு உள்ளேயிருந்து கோபத்தை வரவழைப்பது கழகம் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்த முறை என்றார். அதை இன்று முதல் முறையாகப் பொதுமக்கள் முன்னால் நிரூபித்துவிட்டதாகவும் சொன்னார். நாளைக்கு மேடைக்கு அம்மா இதே வெறும் காலோடு வந்தால் எடுப்பாக இருக்கும் என்று பதிவாளர் சொன்னார்.

என் மனைவி எழுந்தாள். பதிவாளரிடம் கையை நீட்டினாள். அவர் குமிழை எடுத்துக் கொடுத்தார். மேலே கதவு திறந்து கிடக்கிறது, பூட்டிவிடுங்கள் என்று குறட்டையாரிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். வாடகை வண்டி ஒன்றை நிறுத்தி, மகள் வீட்டு விலாசத்தைத் தானே சொன்னாள். வண்டிக்குள் உட்கார்ந்த பிறகும் அவள் உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு லிஃப்டுக்குள் யாரை நினைத்துக் கத்தினாய் என்று கேட்டேன். உங்களைத்தான், வேற யாரை என்றாள்.

தலைவர் பின்னாலேயே ஓடிவந்து வண்டியின் சன்னலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“அம்மா, அவசரப்படாதீங்க. இறங்கறது முதல் நிலை. ஏறறது உயர்நிலை. அதுக்கு உங்க வீட்டுக்காரர் இன்னும் ஒரு வருஷம் படிக்கணும். அது வரைக்கும் நீங்க மேல ஏறினா, கழகம் பொறுப்பு ஏத்துக்காது.”

“எம் பொண்ணு வீட்ல மாடியே இல்ல,” என்று சொல்லிவிட்டு என் மனைவி கண்ணாடியை ஏற்றினாள்.